சாரதியின் எல்லையை மறக்கும் எச்சரிக்கைகள்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 19 மீற்றரைக் கடக்கிறது. எதிர்பாராத ஆபத்தைக் கண்டு, அது இன்னதென்று விளங்கி, கால் பிறேக்குக்குப் போய்ச் சேர ஒன்றரைச் செக்கன் எடுக்கும் சாரதி, வண்டியின் வேகம் குறையத் தொடங்குமுன்பே 29 மீற்றர் போய்விடுகிறார். மோதல் ஆபத்தைச் சாரதிக்கு எச்சரிக்கும் கருவியை வடிவமைப்பவர் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, கருவியின் உணரி (sensor) ஆபத்தைக் கண்டுபிடித்த கணமே வேலை முடிந்தது என்று எண்ணுவது முதல் தவறு.

இதற்குப் பரிகாரமாக எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒலி எழுப்புவது அதைவிடப் பெரிய தவறு. மெய்யான மோதல் ஆபத்து மிக அரிதாகவே நேர்வதால், சிறிதளவே பிழைவிடும் கருவிகூடப் பெரும்பாலும் வீணாகவே ஒலிக்கும். கிழக்கிலங்கையின் கல்முனை நகரில் ஓரமாக நிற்கும் ஒவ்வொரு முச்சக்கரவண்டிக்கும், குறுக்கே வரும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் அலறும் கருவியைச் சாரதி நிறுத்திவைப்பார். நிறுத்த வழியில்லாவிட்டால் அவருடைய காது அதைக் கேளாமலிருக்கப் பழகிக்கொள்ளும். அவ்வேளையில் ஒலியைக் கூட்டுவது எரிச்சலையே கூட்டும். ஆபத்தின் அளவுக்கேற்பப் படிப்படியாக உயரும் எச்சரிக்கையும், சாரதி ஏற்கெனவே பிறேக்கில் கால்வைத்துவிட்டால் மௌனமாகும் ஒழுங்குமே பயன்தரும்.

அவசரச் செய்தியைத் திரையில் எழுத்தாகக் காட்டுவதும் கூடாது, ஏனெனில் கண்ணுக்குத்தான் ஏற்கெனவே அதிக வேலை இருக்கிறது. வாகனத்துக்குள் உள்ள கருவிகள் சாரதியின் பார்வையை ஒரு தடவையில் 2 செக்கனுக்கு மேல் வீதியிலிருந்து இழுக்கக்கூடாது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. கீச்சென்ற உயர்சுருதி ஒலி வயதானவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஸ்டியரிங் அதிர்வோ குண்டும் குழியுமான வயல் வீதியில் வேறுபடுத்தி உணரப்படாது. ஆகவே ஒரே புலனை நம்பக்கூடாது.

ஜப்பானிலிருந்து இறக்குமதியான பாவித்த கார்களில் குரலறிவிப்பு பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே வருகிறது. மட்டக்களப்பில் அதை ஓட்டுபவருக்கு அது எச்சரிக்கையன்று, வெறும் சத்தம்.

நெடுநேரக் கவனம் பற்றிய தவறும் உண்டு. உளவியலாளர் நோர்மன் மக்வேர்த் 1948இல் வெளியிட்ட ஆய்வு, அரிதாகத் தோன்றும் அறிகுறியைக் கண்காணிப்பவரின் திறன் முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே குறைவதைக் காட்டியது. இங்கிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல் இரவில் ஓட்டுபவரிடம் ஓட்டும் வேலையைப் பறித்துத் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்து, அவருக்குக் கண்காணிக்கும் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, ஒரு மணியொலியில் அவர் உடனே விழித்துச் செயற்படுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தூக்கத்துக்கு மணியொலி மருந்தாகாது. தடம் விலகத் தொடங்கும் ஆரம்ப அறிகுறியிலேயே நிறுத்தி ஓய்வெடுக்கும்படி சொல்லவேண்டும்.

கடைசியாக, கருவியின் மௌனம். வாகனங்களையும் மனிதரையும் அடையாளங்காணப் பழக்கப்பட்ட கமரா, இருளில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாட்டையோ, பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டியையோ, அம்பாறைப் பக்கம் வீதியைக் கடக்கும் யானையையோ தவறவிடலாம். ஒலி வராததைப் பாதுகாப்பென்று சாரதி எடுத்துக்கொள்வது இயல்பு. எனவே மாரி மழையிலோ சேறு படிந்தோ கமரா மறைந்தால் அதை உடனே தெரிவிக்கவேண்டும். பரிசோதனையையும் களைத்த சாரதிகளை வைத்து, இரவில், இந்த வீதிகளிலேயே நடத்தவேண்டும்.