காரின் பின் சஸ்பென்ஷன் ஆர்மை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

இலங்கையில் 2020-இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களைப் பேணி ஓட்டுவதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. கொழும்பு வீதிகளில் இன்றும் இருபது வயதைத் தாண்டிய கார்கள் ஏராளம். அவற்றில் முதலில் தளர்ந்துபோகும் பொருட்களில் ஒன்று, பின் சில்லைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை போன்ற பின் சஸ்பென்ஷன் ஆர்ம். பொறுமையும் சரியான கருவிகளும் இருந்தால் இதை வீட்டிலேயே மாற்றலாம். புதிய ஆர்ம் சில மாதங்களில் மீண்டும் தட்டத் தொடங்கினால் எல்லோரும் பொருளின் தரத்தைக் குறை சொல்வார்கள். ஆனால் பல வேளைகளில் பழுதாக்குவது நாம் கொடுக்கும் கடைசி முறுக்குத்தான். அதைப் பற்றிக் கீழே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

உங்கள் காரில் இந்த ஆர்ம் இருக்கிறதா?

எல்லாக் கார்களிலும் இல்லை. ஹொண்டா ஃபிட், வெசல், டொயோட்டா அக்குவா, இரு சில்லு இயக்கமுள்ள பிரிமியோ, அலியன் ஆகியவற்றின் பின்பக்கத்தில் இரு சில்லுகளையும் இணைக்கும் ஒரே விட்டம்தான் உண்டு. இந்தப் பதிவு அவற்றுக்குப் பொருந்தாது. கொரோலா 110 போன்ற கார்களில் ஒவ்வொரு பின் சில்லையும் குறுக்காகப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆர்ம்களும், முன்னோக்கிச் செல்லும் ஒரு தண்டும் இருக்கும். இக்காரில் ஸ்பிரிங் ஷொக் அப்சோர்பரோடு சேர்ந்தே இருப்பதால் ஆர்மைக் கழற்றும்போது ஸ்பிரிங் விடுபடாது. தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற அமைப்பு இதுவே.

சில கார்களில் ஸ்பிரிங் நேரடியாகக் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும். குனிந்து பார்த்தாலே தெரியும். அப்படியானால் அந்த ஆர்மைத் தொடவே வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் கையையோ முகத்தையோ சிதைத்துவிடும். அந்த வேலை கராஜுக்கு உரியது.

பழுதை உறுதி செய்தல்

குழியில் இறங்கும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்ற சத்தம், வேகத்தில் பின்பக்கம் மிதப்பது போன்ற உணர்வு, பின் டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்தல் ஆகியவை அறிகுறிகள். சத்தத்துக்கு ஷொக் அப்சோர்பரும் காரணமாக இருக்கலாம் என்பதால் உடனே பொருள் வாங்கப் புறப்பட வேண்டாம். காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லின் இடம் வலமாகப் பிடித்து ஆட்டுங்கள். பிறகு ஆர்மின் இரு முனைகளிலும் உள்ள இறப்பர் புஷ்ஷை ஒரு நெம்புகோலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். இறப்பர் பிளந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் உலோகக் குழல் நடுவிலிருந்து விலகியிருந்தாலோ ஆர்ம் முடிந்துவிட்டது என்று பொருள்.

பொருள் வாங்குதல்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் இலக்கத்தைக் குறித்துச் செல்லுங்கள். ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கு ஆண்டு ஆர்மின் நீளம் மாறலாம். பழைய ஆர்மின் படம் கைபேசியில் இருந்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் முதலில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பொருளைக் காட்டக்கூடும். இரும்பு நன்றாக இருந்தாலும் இறப்பருக்கு வயதாகியிருக்கும். “அண்ணன், புஷ் புதிதாக உள்ள ஆர்ம் இருக்கிறதா?” என்று கேட்டு வாங்குங்கள். என் கருத்தில் ஆர்மில் மிச்சம் பிடிக்கலாம், போல்ட்டிலும் நட்டிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. அவை புதியவையாகவே இருக்கட்டும். இரு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குவது நல்லது. ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கமும் அதே வீதிகளில்தான் ஓடியிருக்கிறது.

ஒரு ட்ரொலி ஜக், இரண்டு உறுதியான ஸ்டாண்டுகள், நீண்ட கைப்பிடியுள்ள சொக்கட் தொகுதி, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டோர்க் ரென்ச், கம்பித் தூரிகை, சுத்தியல், துரு இளக்கும் எண்ணெய், வெள்ளை நிற மார்க்கர் ஆகியவை வேண்டும். டோர்க் ரென்ச் இல்லையென்றால் நண்பரிடம் இரவல் வாங்குங்கள், ஊகத்தில் முறுக்காதீர்கள்.

முதல் நாள் மாலை

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடலோரத்தில் நிறுத்தப்படும் கார்களுக்கு உப்புக் காற்று பெரிய எதிரி. போல்ட்டின் வெளிப்புறத் துரு கண்ணுக்குத் தெரியும். ஆனால் தொல்லை தருவது புஷ்ஷின் உலோகக் குழலுக்கும் போல்ட்டுக்கும் இடையில் மறைந்திருக்கும் துருதான். ஆகவே முதல் நாள் மாலையே மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எண்ணெய் தெளித்துவிடுங்கள். காலையில் மறுபடியும் தெளியுங்கள். பிரேக் தட்டில் எண்ணெய் படக் கூடாது.

போல்ட் வெளியே எந்தத் திசையில் வரும் என்பதையும் அப்போதே பாருங்கள். புகைக்குழாயோ எரிபொருள் தாங்கியோ குறுக்கே நின்றால் வேலை வேறாகிவிடும்.

காரைத் தூக்கும் முன் ஓர் அளவு

சமமான கொங்கிரீட் தரையில் காரை நிறுத்துங்கள். அடுக்குமாடிகளின் சாய்வான வாகனத் தரிப்பிடமும் மழையில் இளகிய மண் முற்றமும் இந்த வேலைக்கு ஆகாது. சில்லின் மையத்திலிருந்து மேலேயுள்ள மட்கார்ட் விளிம்புவரை எத்தனை மில்லிமீற்றர் என்று இரு பக்கமும் அளந்து, மட்கார்டில் ஒட்டிய டேப்பிலேயே எழுதிவிடுங்கள். கார் தன் எடையில் இயல்பாக நிற்கும் உயரம் அது. கடைசியில் இந்த எண் கட்டாயம் தேவைப்படும்.

இனி முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். கைப்பிரேக் பின் சில்லுகளையே பிடிக்கும் என்பதால் பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு அதை நம்ப முடியாது. முன்சில்லு இயக்கமுள்ள காரென்றால் கியரில் போட்டு வையுங்கள், ஓட்டோ என்றால் ‘பி’யில். சில்லு நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, இரு பின் பக்கங்களையும் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால், இரு பக்கச் சஸ்பென்ஷனையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் தண்டு முறுக்கேறி போல்ட் வெளியே வர மறுக்கும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்கவே வேண்டாம். கழற்றிய சில்லையும் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். துணைக்கு ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

கழற்றுதல்

உட்பக்கப் போல்ட்டின் தலையில் கோடுகள் போட்ட வட்டத் தட்டு இருந்தால், அது சில்லின் கோணத்தைச் சரிசெய்யும் போல்ட். தட்டும் சட்டமும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துப் படமும் எடுங்கள். ஆர்மின் நீளத்தையே திருகி மாற்றும் வகை என்றால், பழையதன் இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து புதியதையும் அதே நீளத்துக்கு வையுங்கள்.

நக்கிள் எனப்படும் சில்லைத் தாங்கும் பாகத்துக்கு அடியில் ஜக்கை இலேசாக முட்டுக் கொடுத்து, ஏபிஎஸ் வயரையும் பிரேக் குழாயையும் ஆர்மிலிருந்து விடுவியுங்கள். பிறகு நட்டுகளைக் கழற்றுங்கள். கொரோலா 110-இல் நக்கிள் பக்கம் ஒரே நீண்ட போல்ட் இரு ஆர்ம்களையும் கோத்து நிற்கும். நட்டை மரையின் முனைவரை திருகி விட்டு அதன் மேல் தட்டினால் மரை நசுங்காது.

நட்டு வந்தும் போல்ட் வரவில்லை, திருகினால் இறப்பரும் சேர்ந்து சுழல்கிறது என்றால், குழலும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிவிட்டன. எண்ணெய் விட்டு, சிறிது சிறிதாக இரு திசையிலும் திருப்பிப் பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் அறுக்க வேண்டியதுதான். தீப்பொறி பறக்கும் கிரைண்டரையோ தீச்சுவாலையையோ எரிபொருள் தாங்கி அருகே வீட்டில் பயன்படுத்த வேண்டாம். எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி, காரை மெதுவாக ஓட்டிக் கராஜுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பூட்டுதல்

புதிய ஆர்மைப் பழையதோடு சேர்த்து வைத்து நீளம், வளைவு, துளை அளவு மூன்றையும் ஒப்பிடுங்கள். போல்ட்டின் நடுப்பகுதிக்கு மெல்லிய கிரீஸ் பூசினால் அடுத்த முறை எளிதில் வரும், மரையில் பூச வேண்டாம். எண்ணெய் புதிய இறப்பரில் பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள். போல்ட்டுகளை நுழைத்து, போட்ட கோட்டுக்கு வட்டத் தட்டைத் திருப்பி, நட்டுகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

இங்கே நிறுத்துங்கள். இப்போது சில்லு தொங்கும் நிலையில் இருக்கிறது. இறப்பர் புஷ் சுழலும் மூட்டு அல்ல. உட்குழல் போல்ட்டால் இறுகப் பிடிக்கப்பட்டிருக்க, ஆர்ம் ஏறி இறங்கும்போது நடுவிலுள்ள இறப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரைத் தரையில் இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே இறப்பர் பிழிந்த ஈரத்துணி போல முறுகி நிற்கும். ஒவ்வொரு குழியிலும் மேலும் முறுகும். அது சீக்கிரம் கிழியாமல் வேறென்ன செய்யும்?

ஆகவே ஜக்கை நக்கிளுக்கு அடியில் உயர்த்தி, சில்லு மையத்துக்கும் மட்கார்டுக்கும் இடையிலான தூரம் டேப்பில் எழுதிய எண்ணுக்கு வரும்வரை ஏற்றுங்கள். அந்த நிலையில் உங்கள் காரின் திருத்தக் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். அந்த அளவு வருமுன் கார் ஸ்டாண்டை விட்டு எழத் தொடங்கினால் உடனே ஜக்கை இறக்கிவிடுங்கள். அப்போது சில்லுகளைப் பூட்டி, நான்கு சில்லுகளையும் தடித்த, அகலமான பலகைகளின் மேல் இறக்கி, முன் சில்லுகளுக்கு மீண்டும் கட்டை வைத்து, காரின் எடை சில்லுகளில் இருக்கும்போதே போல்ட்டுகளை இறுக்கலாம். வயரையும் குழாயையும் பழைய கிளிப்புகளில் மாட்ட மறக்க வேண்டாம்.

சில்லு நட்டுகளைக் குறுக்கு ஒழுங்கில் இறுக்குங்கள். கொரோலா 110-க்கு 103 நியூட்டன் மீற்றர், பெரும்பாலான ஹொண்டா கார்களுக்கு 108.

வீதிக்கு வந்த பிறகு

நேராக வீல் அலைன்மென்ட் நிலையத்துக்குப் போங்கள். மார்க்கர் கோடு அதுவரை ஓட்டப் போதுமானது, நிரந்தரமாகப் போதாது. சில இடங்களில் முன் சில்லுகளை மட்டும் சரிபார்த்து அனுப்பிவிடுவார்கள். “நான்கு சில்லுகளையும் பார்த்து, பின் சில்லுகளை முதலில் சரிசெய்யுங்கள்” என்று சொல்லி, அளவுகள் அச்சிட்ட தாளையும் கேட்டு வாங்குங்கள். சுமார் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு சில்லு நட்டுகளையும் ஆர்ம் நட்டுகளையும் ஒருமுறை டோர்க் ரென்ச்சால் சோதியுங்கள். ஆர்ம் நட்டுகளைச் சோதிக்கும்போதும் கார் சில்லுகளிலேயே நிற்க வேண்டும்.