‘எஸ்பௌஸ்’: ஆதரிக்கப் போய் எதிரணியில் நிற்காதீர்கள்

‘எஸ்பௌஸ்’ (espouse) என்ற ஆங்கில வினைக்கு, ஒரு கொள்கையை ஏற்று ஆதரிப்பது என்று பொருள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் பாடுபடும் தருமபுரி அமைப்பு ஒன்று, நிதி கேட்டு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியிலேயே ‘வீ எஸ்பௌஸ் சைல்ட் மேரேஜ்’ என்று போட்டுவிட்டால் கதை முடிந்தது. அந்தப் பிரச்சினைக்காக உழைக்கிறோம் என்பதே எழுதியவர் சொல்ல வந்தது. படிப்பவருக்கோ, ‘குழந்தைத் திருமணம்தான் எங்கள் கொள்கை’ என்ற பகிரங்க அறிவிப்பாக அது போய்ச் சேரும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கும் குற்றத்துக்கு லெட்டர்ஹெட்டில் ஆதரவு!

எஸ்பௌஸ் என்ற வினைக்கு அடுத்து நாம் தூக்கிப்பிடிக்கும் கொள்கைதான் வர வேண்டும். எதிர்த்து நிற்கும் தீமை வரக்கூடாது. ‘எண்டிங்’ (முடிவுகட்டுவது) என்ற ஒரு சொல்லை இடையில் சேர்த்திருந்தால் விண்ணப்பம் பிழைத்திருக்கும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருப்பதைப் பற்றி எழுதுகிறவர்களும் கவனிக்க வேண்டும். நாம் ஆதரிப்பது பாதுகாப்பான குடிநீரை, ஃபுளோரைடை அல்ல.

இந்த வினையின் பழைய பொருளே மணம் முடிப்பது. கணவன் அல்லது மனைவியைக் குறிக்கும் ‘ஸ்பௌஸ்’ இதன் நெருங்கிய உறவு. அதனால்தான் ஆளின் பெயரை இதனோடு சேர்த்தால் விபரீதமாகிறது. தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரை எஸ்பௌஸ் செய்வதாக அறிக்கை விட்டால், கல்யாணப் பத்திரிகை எங்கே என்று கேட்பார்கள். வேட்பாளருக்கு ‘எண்டார்ஸ்’ இருக்கிறது, ‘சப்போர்ட்’ இருக்கிறது.

‘ஃபார்’ ஒட்டுவது இன்னொரு பிழை. ‘மதுவிலக்குக்காகக் குரல் கொடுத்தார்’ என்று எழுதிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் அந்த ‘க்காக’வைத் தேடுகிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937இல் அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. அவரைப் பற்றி எழுதினால் ‘ராஜாஜி எஸ்பௌஸ்டு ப்ரொஹிபிஷன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நடுவில் ‘ஃபார்’ வேண்டாம், ‘டு’ம் வேண்டாம். இதே பொருளில் வரும் ‘அட்வகேட்’ வினையும் பெரும்பாலும் அப்படித்தான்; அதனோடு ‘ஃபார்’ சேர்ப்பதை இன்று பலர் ஏற்றுக்கொண்டாலும், தேர்வுத்தாளில் துணிய வேண்டாம்.

‘தட்’ போட்டு ஒரு முழு வாக்கியத்தையும் இதன் பின்னால் தொங்கவிட முடியாது. ‘எஸ்பௌஸ்டு த வியூ தட்’ என்று நடுவில் ‘வியூ’ (கருத்து) போன்ற ஒரு பெயர்ச்சொல் வேண்டும்.

சின்ன விஷயங்களுக்கு இந்தச் சொல் தாங்காது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியின் நுழைவுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் மனுவுக்கு ‘சப்போர்ட்’டே தாராளம்.