தனியாகக் கிடக்குது, பாவம்: சண்டைக்கார மீன் வளர்ப்பவர்கள் விடும் பிழைகள்

கல்லடி தொடங்கிக் கல்முனை வரைக்கும் ஒஸ்கார் என்கிற பெரிய சண்டைக்கார மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற பெடியன்மார் கூடிவிட்டார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் அனுப்புகிற படங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாங்கள் தொடங்கின காலத்தில் மீன்களை எப்படிச் சாகடித்தோமோ, அதே வழியில்தான் இவர்களும் போகிறார்கள். சாப்பாட்டை அள்ளிக் கொட்டக் கூடாது, குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக்காமல் ஊற்றக் கூடாது என்பதையெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்லித் தருவார். அவற்றை விடுகிறேன்.

இன்றைய மீனின் அளவுக்குத் தொட்டி வாங்குவது

கடையில் ஒஸ்கார் 2 அங்குலக் குஞ்சு. நன்றாகத் தின்றால் ஒரு வருசத்தில் 8, 10 அங்குலம். முழு வளர்ச்சியில் 1 அடி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி பிடிப்பதே 56 லீட்டர்தான். “தொட்டிக்கு ஏத்த மாதிரித்தான் மீன் வளரும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து, தண்ணீர் கெட்டு, வளர்ச்சி நின்றுபோகும். அந்த மீன் சின்ன மீன் அல்ல, நோயாளி மீன். தலையில் குழி விழுகிற நோயும் பெரும்பாலும் இப்படிக் கெட்ட தண்ணீரில்தான் வருகிறது.

ஒரு ஒஸ்காருக்குக் குறைந்தது 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம் வேண்டும். ஏறத்தாழ 255 லீட்டர். அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1 அடி அகலத்தில் 1 அடி மீன் எப்படித் திரும்பும்? தண்ணீர் மட்டுமே 255 கிலோ என்பதால் மேசையில் வைக்கிற வேலையும் வேண்டாம், இரும்பு ஸ்டாண்ட் அடியுங்கள்.

பாவம் பார்த்துத் துணை விடுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடிவதில்லை.

ஏறாவூரில் ஒரு தம்பி. 4 அடித் தொட்டி, நல்ல பில்டர், 9 அங்குல ஒஸ்கார் ஒன்று. எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தான். “தனியாக் கிடக்குது, பாவம். இன்னொண்டு வாங்கி விடு மகன்” என்று உம்மா சொல்ல, 6 அங்குலத்தில் ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். கொஞ்ச நாளில் எனக்குப் போன். “அண்ணன், புது மீனுக்குப் பங்கசு புடிச்சிட்டு. என்ன மருந்து போடுற?”

போய்ப் பார்த்தேன். புது மீன் பில்டர் குழாய்க்குப் பின்னால், மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நிறம் கறுத்துவிட்டது. வால் ஓரம் நார் நாராகக் கிழிந்து, கிழிந்த இடமெல்லாம் வெள்ளை படிந்திருக்கிறது. விலாவில் செதில் இல்லை. சாப்பாடு போட்டால் அரை அடி முன்னே வருகிறது, பழைய மீன் திரும்பிப் பார்த்ததும் பின்னுக்குப் போய்விடுகிறது. பழையது தொட்டியின் நடுவில் அசையாமல் நிற்கிறது.

அது பங்கசு நோய் அல்ல, பழைய மீன் கொடுத்த அடி. பங்கசு வந்தது அடிபட்ட காயத்தில். தம்பியோ அதற்குள் மீத்திலீன் புளூவை ஊற்றிவிட்டான். பில்டரில் இருந்து மீன் கழிவின் அமோனியாவைத் தின்கிற பக்டீரியாவை அந்த மருந்து கொல்லும். அவை திரும்பவும் முழுதாக வளரக் கிழமைக்கணக்கில் எடுக்கும். அதுவரைக்கும் அமோனியா ஏறி, நன்றாக இருந்த மீனின் செவுளும் எரியும். புது மீன் செத்தது. பழையதைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை நாளாந்தம் தண்ணீர் மாற்றிக் களைத்துப்போனான்.

ஒஸ்காருக்குத் தனிமை துன்பம் இல்லை. வளர்ந்த ஒஸ்கார் முழுத் தொட்டியையும் தன் வளவாக எடுத்துக்கொள்கிறது. பிறகு உள்ளே வருவது எதுவானாலும் அதன் கண்ணுக்கு வேலி பாய்ந்து வந்த ஆள்தான். அதிலும் 2 என்பது மிக மோசமான எண். பலமானதன் கோபம் முழுவதும் ஒரே மீனின்மேல் இறங்கும். “ஜோடி” என்று கடையில் சொல்வதையும் நம்பாதீர்கள். ஒஸ்காரில் ஆண் பெண்ணை வெளித்தோற்றம் பார்த்துச் சொல்ல முடியாது. முட்டையிடும் காலத்தில்தான் வயிற்றின் அடியில் நீளும் இனப்பெருக்கக் குழாயைப் பார்த்து அறியலாம்.

ஒன்றுக்கு மேல் கட்டாயம் வேண்டுமென்றால் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். ஏறத்தாழ 680 லீட்டர். எல்லாவற்றையும் ஒரே அளவுக் குஞ்சாக, ஒரே நாளில் விடுங்கள். வேறு இனத்தில் துணை தேடினால் ஒஸ்காரின் வாய்க்குள் அடங்காத, அதோடு மல்லுக்கு நிற்காத மீனாக இருக்க வேண்டும். வளர்ந்த சில்வர் டொலர் 5, 6 சேர்ந்து இந்தப் பெரிய தொட்டியில் நன்றாக ஓடும். தொட்டியில் பாசி தின்ன விடுகிற டேங்க் கிளீனர் மீனில் சின்னது வேண்டாம். ஒஸ்கார் அதை விழுங்கப் பார்க்கும், முள் விரிந்து தொண்டையில் இறுகும், இரண்டும் சாகும்.

பழைய மீன் இருக்கும் தொட்டியில் புதிதாக விடத்தான் வேண்டுமா? முதலில் கல், மரக்கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். நடுவில் துளையிட்ட தடுப்பு வைத்து ஒரு கிழமையாவது பார்க்க விடுங்கள். தடுப்பை எடுக்கும்போது லைட்டை அணைத்துவிடுங்கள். துரத்தல் நிற்கவில்லையென்றால் அன்றே பிரியுங்கள், “பழகிடும்” என்று காத்திருக்க வேண்டாம்.

பிளவர்ஹோர்னுக்குத் துணை

நெற்றி புடைத்த இந்தச் சண்டைக்கார மீனுக்குத் துணையே இல்லை. ஒரு மீன், ஒரு தொட்டி.

ரைகர் பார்ப்பை இரண்டு மூன்றாக விடுவது

கோடு போட்ட இந்தச் சின்ன மீன் 6க்குக் குறைந்தால் மற்ற மீன்களின் செட்டையைக் கடிக்கும். நீளச் செட்டையுள்ள ஏஞ்சல் மீனோடு ஒருபோதும் வேண்டாம்.

ஆபிரிக்க சிக்லிட்டையும் இதே கணக்கில் பார்ப்பது

ஆபிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட் மீன்களுக்கு விதி தலைகீழ். ஒரு ஆணுக்கு 3 பெண்ணாவது வைத்து, கல் குவித்து, சற்று நெருக்கமாகவே வளர்க்க வேண்டும். அப்போதுதான் அடி ஒரே மீன்மேல் விழாமல் பரவிப்போகும். அவற்றுக்குக் கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர் வேண்டும் என்பதால் ஒஸ்காரோடு சேர்க்காதீர்கள். நெருக்கமான தொட்டிக்குப் பெரிய பில்டர் வேண்டும். மாரியில் கரண்ட் போனால் முதலில் மூச்சு முட்டுவதும் இந்தத் தொட்டிதான். பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்றைக் கார்த்திகைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

பெருத்ததைக் குளத்தில் விடுவது

நைஃப் மீனும் டேங்க் கிளீனரும் இப்படித் தொட்டிகளிலிருந்து போய்த்தான் இலங்கையின் நீர்நிலைகளில் பெருகின. உன்னிச்சைக் குளமானாலும் சரி, வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலானாலும் சரி, விடாதீர்கள். கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று மீன் வாங்கும் நாளிலேயே கேளுங்கள். எடுக்க மாட்டார் என்றால், பெரிய தொட்டி வைத்திருக்கிற ஒருவரிடம் பேசி முடித்துவிட்டு வாங்குங்கள்.