அமெரிக்காவுல குடும்ப வன்முறை உதவிக்கு கிராண்ட் கேக்குறது எப்படி
அடி ஒத தாங்காம வெளிய வர்ற பொம்பளைங்களுக்கு உதவுற சின்ன அமைப்பு நடத்துறீங்கன்னா வாஷிங்டனுக்கு எழுதிட்டு காத்திருக்காதீங்க, 1984-ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்பு, உதவிச் சட்டப்படி (FVPSA) வர்ற ஃபெடரல் பணம், அதாவது மத்திய அரசுப் பணம், பெரும்பாலும் மாநிலம் வழியாத்தான் வரும், யார்கிட்ட அப்ளை பண்ணணும்னு உங்க ஸ்டேட் கோயலிஷன்லயே, அதாவது உங்க மாநிலத்துல இந்த வேலை பாக்குற அமைப்புகளோட கூட்டமைப்புலயே, சொல்லிடுவாங்க. அரசாங்க வெப்சைட் சாம் டாட் கவ்ல (SAM.gov) யூஈஐ (UEI) நம்பர், அதாவது உங்க அமைப்புக்கான அடையாள எண், மொதல்லயே வாங்கிடுங்க, ஃப்ரீதான், காசு கேட்டு வர்ற மெயில நம்பாதீங்க.

மாநிலம் பிரிச்சு குடுக்குறதுல 70 சதவீதமாவது தங்குமிடம், அது சார்ந்த உதவிக்கு போகணும், அதனால ராத்திரி 2 மணிக்கு ஒருத்தி பிள்ளையோட வந்து நின்னா ரூம், சாப்பாடு, டாக்ஸி, அவ பாஷை பேசுற ஆளு, எல்லாத்துக்கும் வரி வரியா பட்ஜெட் போடுங்க. சும்மா 'விழிப்புணர்வு'ன்னு எழுதுனா எடுபடாது. மேட்ச், அதாவது உங்க பங்கு எவ்வளவுன்னு, கேட்டா வாலண்டியர் நேரத்த காட்டலாம், டைம்ஷீட் இருக்கணும். ரிப்போர்ட்ல எண்ணிக்கை மட்டும்தான், பேரு, அட்ரஸ் கூடவே கூடாது.