வீட்டுக் கணினியிலுள்ள பாடல்களைக் கேம் கொன்சோல் வழியாகக் கேட்பது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் தொலைக்காட்சியும், அதனுடன் பொருத்திய நல்ல ஒலிபெருக்கிகளும், தம்பியின் பிளேஸ்டேஷன் 4 கொன்சோலும் இருக்கின்றன. பாடல்கள் இருப்பதோ பின்னறை மேசைக் கணினியில். பழைய இறுவட்டுகளிலிருந்து ஏற்றியவை, அப்பாவின் ஒலிநாடாக்களிலிருந்து பல இரவுகள் விழித்திருந்து நான் பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரிகள், கோயில் திருவிழாக்களில் உறவினர்கள் பிடித்த பதிவுகள் என்று எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. அவற்றைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு முன்னறைக்கும் பின்னறைக்குமாக நடந்த காலம் ஒன்று இருந்தது. இரண்டு கருவிகளும் ஏற்கனவே ஒரே வைஃபையில் இருக்கும்போது அந்த நடை தேவையில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, இதனால் உங்கள் இணையப் பொதியிலிருந்து ஒரு மெகாபைட்டும் குறையாது என்பது. பாடல் கணினியிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து கொன்சோலுக்கும் போகிறதே தவிர வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போவதில்லை. இணைய இணைப்பு துண்டிக்கப்பட்ட நாளிலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும் வரை பாட்டு ஓடும்.

நடப்பது என்ன?

செய்முறைக்குள் போகுமுன் இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால், பின்னர் எங்கே பிழைத்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கணினியில் ஒரு சிறு மென்பொருள் ‘மீடியா சேர்வர்’ ஆக வேலை செய்கிறது. தன்னிடம் உள்ள பாடல்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பதே அதன் தொழில். கொன்சோல் கேட்பவர். இரண்டும் பேசிக்கொள்ளும் முறைக்கு டிஎல்என்ஏ என்று பெயர். 2003 இல் சோனி முதலிய நிறுவனங்கள் கூடி அமைத்த ஒன்றியத்தின் பெயர் அது. அந்த ஒன்றியம் 2017 இல் கலைக்கப்பட்டுவிட்டாலும், அது வகுத்துத் தந்த முறை இன்றும் தொலைக்காட்சிகளிலும் கொன்சோல்களிலும் கணினிகளிலும் உயிரோடு இருக்கிறது.

சேர்வரின் முகவரி கொன்சோலுக்கு முன்கூட்டியே தெரியாது. ஆகவே அது வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி ‘இங்கே யாராவது சேர்வர் இருக்கிறீர்களா?’ என்று ஒரு குரல் கொடுக்கிறது. இருக்கும் சேர்வர் பதில் சொல்கிறது. இந்தக் குரல் வீட்டு வலையமைப்பின் வேலியைத் தாண்டாது. கணினி ஒரு வலையமைப்பிலும் கொன்சோல் இன்னொன்றிலும் இருந்தால், இரண்டும் அருகருகே இருந்தாலும் ஒன்றை ஒன்று அறியா. ‘சேர்வர் தெரியவில்லை’ என்று தொடக்கக்காரர்கள் சொல்லும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

எந்தக் கொன்சோல்?

பிளேஸ்டேஷன் 3 இல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 இல் ‘மீடியா பிளேயர்’ என்ற இலவசச் செயலியாக 2015 இல் வந்தது. எக்ஸ்பொக்ஸ் வன் முதலான கொன்சோல்களிலும் அதே பெயரில் மைக்ரோசொஃப்ட்டின் செயலி கிடைக்கிறது. பிளேஸ்டேஷன் 5 இல் இந்த வசதி உள்ளமைந்து வரவில்லை. அதில் பிளெக்ஸ் என்ற செயலியை நிறுவி, கணினியிலும் பிளெக்ஸ் சேர்வரை நிறுவிக்கொள்ள வேண்டும். இங்கே நான் விண்டோஸ் கணினியையும் பிளேஸ்டேஷன் 4, 3 ஆகியவற்றையும் வைத்தே விளக்குகிறேன். பழைய பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக்கு உதவாமல் அலுமாரியில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். பாட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

படி 1: பாடல்களை ஒழுங்குபடுத்துதல்

எல்லாப் பாடல்களையும் ‘மியூசிக்’ என்ற கோப்புறைக்குள் கொண்டுவந்து, உள்ளே பாடகர் அல்லது தொகுப்பு வாரியாகச் சிறு கோப்புறைகள் இடுங்கள். தொலைக்காட்சித் திரையில் கொன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ஆயிரம் பாடல்களின் ஒரே நீண்ட பட்டியலில் இறங்குவது சலிப்பான வேலை.

அடுத்து, கோப்பு வகையைப் பாருங்கள். எம்பி3 என்றால் எல்லாக் கொன்சோலும் வாசிக்கும். ஏஏசி வகையிலும் பொதுவாகச் சிக்கல் வராது. சிக்கல் வருவது டபிள்யூஎம்ஏ கோப்புகளில். ஒரு காலத்தில் இறுவட்டைக் கணினியில் ஏற்றும்போது விண்டோஸ் மீடியா பிளேயர் தானாகவே அந்த வகையில்தான் சேமித்தது. ஆகவே அக்காலத்துச் சேமிப்பு உங்களிடம் இருந்தால் அதில் பாதி டபிள்யூஎம்ஏ ஆக இருக்கக்கூடும். பிளேஸ்டேஷன் 3 இல் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ பகுதிக்குள் போய் டபிள்யூஎம்ஏ வாசிப்பை இயக்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் அவற்றை எம்பி3 ஆக மாற்றிவிடுவதே நல்லது. மாற்றிய பின் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் தேய்கிறது. தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் வகையைப் பிளேஸ்டேஷன் 3 வாசிக்காது. அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

பாடல்களின் பெயர்கள் பற்றியும் ஒரு சொல். பழைய கோப்புகளில் பாடல் விவரங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த எழுத்துரு கணினியில் நிறுவப்பட்டிருந்தாலும், பெயர்கள் கொன்சோலில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றினாலும், கொன்சோலில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் பெட்டிகளே வரும். அப்படி வந்தால், கோப்புறைப் பெயர்களை மட்டுமாவது ஆங்கில எழுத்தில் இட்டுவையுங்கள். மனதுக்கு ஒப்பாவிட்டாலும் கைக்கு எளிது.

படி 2: வலையமைப்பைச் சரிபார்த்தல்

கணினியும் கொன்சோலும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்க வேண்டும். ஒன்று வயர் வழியாகவும் மற்றது வைஃபை வழியாகவும் இணைந்திருந்தால் பிழையில்லை. ஒரே ரவுட்டர் 2.4, 5 (கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைகள்) என்று இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டினாலும் அவை பொதுவாக ஒரே வலையமைப்புத்தான். பிளேஸ்டேஷன் 3 உம், முதலில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4 உம் 2.4 ஐ மட்டுமே பிடிக்கும் என்பதால் 5 இன் பெயர் அவற்றில் தென்படாது. அதற்காகக் கொன்சோல் பழுது என்று எண்ண வேண்டாம். ஆனால் விருந்தினருக்கென்று தனியாக வைத்திருக்கும் ‘கெஸ்ட்’ வைஃபையில் எந்தக் கருவியையும் இணைக்காதீர்கள். அதில் உள்ள கருவிகள் ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்து வைக்கும்.

பின்னர் விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் ‘நெட்வேர்க்’ பகுதியைத் திறந்து, உங்கள் இணைப்பின் இயல்புகளில் ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேற்’ என்று மாற்றுங்கள். பப்ளிக் என்றால் ‘இது பஸ் நிலையத்து வைஃபை, யாருக்கும் எதுவும் காட்டாதே’ என்று விண்டோஸுக்குச் சொல்வதாகும். அது அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்துவிடும். இந்த ஒரு சொல்லை மாற்றாததால் ஒரு முழு மாலையை நான் இழந்திருக்கிறேன்.

படி 3: கணினியைச் சேர்வராக்குதல்

‘விண்டோஸ் மீடியா பிளேயர்’ செயலியைத் திறவுங்கள். விண்டோஸ் 11 இல் இதற்கு ‘விண்டோஸ் மீடியா பிளேயர் லெகஸி’ என்று பெயர். வெறுமனே ‘மீடியா பிளேயர்’ என்று வரும் புதிய செயலி இந்த வேலையைச் செய்யாது. இடப்பக்க மேல் மூலையில் ‘ஓகனைஸ்’ என்பதற்குள் ‘மனேஜ் லைப்ரரீஸ்’, அதற்குள் ‘மியூசிக்’ என்று போய், படி 1 இல் ஒழுங்குபடுத்திய கோப்புறையைச் சேர்த்துவிடுங்கள். பாடல்கள் அதிகமானால் பட்டியல் தயாராகச் சில நிமிடங்கள் எடுக்கும்.

இப்போது மேலே உள்ள ‘ஸ்ட்ரீம்’ என்பதைச் சொடுக்கி, ‘டேர்ன் ஒன் மீடியா ஸ்ட்ரீமிங்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். திறக்கும் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தியதும், உங்கள் சேர்வருக்கு ஒரு பெயர் இட இடம் வரும். கீழே வலையமைப்பில் உள்ள கருவிகளின் பட்டியலும் வரும். அதில் கொன்சோலுக்கு நேரே ‘அலவ்ட்’ என்று இருக்க வேண்டும். கொன்சோலை இயக்கி வைத்தால்தான் அது பட்டியலில் தோன்றும் என்பதை மறக்க வேண்டாம்.

அதே ஸ்ட்ரீம் பட்டியலில், எல்லாக் கருவிகளையும் தானாகவே அனுமதிக்கும் தெரிவு ஒன்றும் உண்டு. வீட்டார் மட்டும் பயன்படுத்தும் வைஃபை என்றால் அதைத் தெரிவு செய்யலாம். நிலாவெளிப் பக்கம் வீட்டிலேயே பயணிகளுக்கு அறை கொடுத்து, வைஃபை கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுபவர்கள் அதைத் தொடாமல், தங்கள் கொன்சோலை மட்டும் அனுமதிப்பது நல்லது.

கணினி உறங்கிவிட்டால் பாட்டும் நின்றுவிடும். மின் சேமிப்பு அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில், ‘மல்ட்டிமீடியா செட்டிங்ஸ்’ என்பதற்குக் கீழே, ஊடகங்களைப் பகிரும்போது உறங்காமல் இருக்கச் செய்யும் தெரிவு இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

படி 4: கொன்சோலில் திறத்தல்

பிளேஸ்டேஷன் 4 இல் மீடியா பிளேயர் செயலி இல்லையென்றால், பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒருமுறைக்கு மட்டும் இணையம் தேவை. செயலியைத் திறந்ததும் செருகியுள்ள யூஎஸ்பி கருவிகளோடு உங்கள் சேர்வரின் பெயரும் தெரியும். அதைத் தெரிவு செய்து, இசைப் பகுதிக்குள் போய், ஒரு பாடலை அழுத்தினால் முன்னறையில் ஒலி எழும்.

பிளேஸ்டேஷன் 3 இல் ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வேர்க் செட்டிங்ஸ்’, ‘மீடியா சேர்வர் கனெக்ஷன்’ என்ற வரிசையில் போய் முதலில் அதை இயக்க வேண்டும். பிறகு பிரதான திரையின் இசை வரிசையில் சேர்வர் தானாகத் தோன்றும். தோன்றாவிட்டால் அங்கேயே உள்ள ‘சேர்ச் ஃபோர் மீடியா சேர்வர்ஸ்’ என்பதை அழுத்தித் தேடச் சொல்லலாம்.

சேர்வர் தெரியவில்லை என்றால்

முதலில் இரண்டு கருவிகளின் ஐபி முகவரியையும் (வலையமைப்பில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) ஒரு தாளில் எழுதுங்கள். விண்டோஸில் அது வலையமைப்பு இயல்புகளிலும், பிளேஸ்டேஷன் 4 இல் ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வேர்க்’, ‘வியூ கனெக்ஷன் ஸ்டேற்றஸ்’ என்பதிலும் கிடைக்கும். சாதாரண வீட்டு வலையமைப்பில் நான்கு எண்களில் முதல் மூன்றும் இரண்டு கருவிகளுக்கும் ஒன்றாக இருக்கும்.

எங்கள் வீட்டில் அவை ஒன்றாக இல்லை. கணினிக்கு 192.168.1.5, கொன்சோலுக்கு 192.168.0.12. ஆராய்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. வீட்டின் தடித்த சுவர்களைத் தாண்டி முன்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று, முன்பு ஒருவரை அழைத்து இரண்டாவது ரவுட்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தோம். அவர் முதல் ரவுட்டரிலிருந்து வந்த வயரை இரண்டாவதன் ‘வான்’ (WAN) என்ற, இணைய வயருக்கான துளையில் செருகிவிட்டுப் போயிருந்தார். அப்படிச் செருகினால் இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு வலையமைப்பை உருவாக்கி, நடுவே வேலி போட்டுக்கொள்ளும். இணையம் இரண்டு பக்கமும் ஒழுங்காக வந்ததால் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. இரண்டாவது ரவுட்டரின் அமைப்பை, தனி வலையமைப்பு உருவாக்காமல் முதலாவதையே நீட்டிக்கும் ‘அக்சஸ் பொயின்ட்’ என்று மாற்றியதும், கொன்சோல் புதிய முகவரி பெற்றுக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் சேர்வரைக் கண்டது.

முகவரிகள் பொருந்தியும் சேர்வர் தெரியாவிட்டால், கணினியில் தனியாக நிறுவியுள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஃபயர்வோலை (வலையமைப்புத் தொடர்புகளைத் தடுக்கும் காவல்) சில நிமிடங்கள் நிறுத்திப் பாருங்கள். தெரிந்தால் குற்றவாளி அதுதான். அதில் மீடியா பகிர்வுக்கு விதிவிலக்கு அளித்துவிட்டு மீண்டும் இயக்குங்கள்.

பாட்டு விட்டுவிட்டு வந்தால்

நொடிக்கு 320 கிலோபிட் (கேபிபிஎஸ்) தரமுள்ள எம்பி3 கோப்பில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.4 மெகாபைட் மட்டுமே வேண்டும். சுருக்காத இறுவட்டுத் தரத்துக்குக்கூட நொடிக்கு 1.4 மெகாபிட் அளவே போதும். ஆகவே வேகம் போதவில்லை என்பது அரிதாகவே காரணமாகும். சமிக்ஞை எட்டாமையோ, சமையலறை மைக்ரோவேவ் 2.4 இல் இடும் இரைச்சலோ காரணமாகலாம். முடிந்தால் கணினியையாவது வயரில் இணையுங்கள். நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு: திருக்கடலூர் போலக் கரையை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று வயரின் முனையில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளைப் பச்சை பிடிக்கச் செய்துவிடும். கழற்றிப் பார்த்து, பச்சை தெரிந்தால் வயரை மாற்றிவிடுங்கள். துடைத்துச் செருகுவது ஒரு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை.

சேர்வர் தெரிகிறது, சில பாடல்கள் மட்டும் ஓடவில்லை என்றால் சிக்கல் கோப்பு வகையில் இருக்கிறது. ஃப்ளாக் அதிகம் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் மீடியா பிளேயருக்குப் பதிலாக ‘யுனிவேர்சல் மீடியா சேர்வர்’ என்ற இலவச மென்பொருளை நிறுவலாம். கொன்சோல் வாசிக்காத கோப்பை அது ஓட ஓடவே வேறு வகைக்கு மாற்றி அனுப்பும். மூலக் கோப்பில் கைவைக்காது. இரண்டு சேர்வர்களையும் ஒரே நேரத்தில் இயக்கினால் கொன்சோலில் இரண்டு பெயர்கள் வந்து குழப்பும், ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

மின்சாரம் போய் வந்த பிறகு சேர்வர் காணாமற்போவது எங்கள் வீட்டில் வழமை. எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் உயிர்பெறும்போது, ரவுட்டர் முகவரி கொடுக்கத் தயாராகுமுன்பே மற்றவை தேடத் தொடங்கிவிடுகின்றன. முதலில் ரவுட்டரை இயக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு கணினி, கடைசியில் கொன்சோல்.