புரோட்டீன் பவுடரோடு வைட்டமின் மாத்திரையும் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஜிம்முக்குப் போக ஆரம்பித்து மூன்று மாதம் ஆனால் போதும், வீட்டு அலமாரியில் டப்பாக்கள் சேர்ந்துவிடும். வே புரோட்டீன், மல்டிவைட்டமின், மீன் எண்ணெய் மாத்திரை, நண்பர் சொன்னாரென்று ஜிங்க், முடி கொட்டுகிறதென்று பயோட்டின். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, முதல் தவறே அதுதான்.

ஜிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 40 மில்லிகிராம். மல்டிவைட்டமினில் கொஞ்சம் இருக்கும், சில புரோட்டீன் பவுடர்களிலும் கலந்திருப்பார்கள், அதற்கு மேல் தனியாக 50 மில்லிகிராம் மாத்திரை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் உடலில் செம்புச்சத்து குறைந்து ரத்தசோகையும் நரம்புப் பிரச்சினையும் வரலாம். எல்லா டப்பாவையும் மேசையில் வைத்து, லேபிள்களைப் பார்த்து ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள், பத்து நிமிட வேலைதான்.

எனக்கு அதிகம் பயம் தருவது வைட்டமின் டி. 60,000 யூனிட் மாத்திரையையோ பாக்கெட்டையோ டாக்டர் எழுதுவது பெரும்பாலும் வாரம் ஒன்று என்றுதான், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். அதைச் சரியாகக் கேட்காமல் தினமும் ஒன்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தினசரி எடுப்பதற்கு உச்ச வரம்பே 4,000 யூனிட்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இது கொழுப்பில் கரையும் வைட்டமின், மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, உடலிலேயே தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பம் என்று தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கும். சீட்டில் எழுதியது புரியவில்லையென்றால் மருந்துக் கடையில் இரண்டு தடவை கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம் நேரம். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலில் கலக்கிய வே புரோட்டீனோடு விழுங்கினால் பாலிலுள்ள கால்சியம் இரும்பை உடலில் சரியாகச் சேரவிடாது. காபி, டீயும் அப்படித்தான். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் இன்னும் நல்லது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், கால்சியமும் இரும்பும் அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டு, அரை மணியில் மல்டிவைட்டமினும் ஷேக்கும் சாப்பிட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு அளவைக் காட்டும் ஹார்மோன்) ஏன் இறங்கவில்லை என்று தவிப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புரோட்டீன் எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 கணக்குப்படி ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். கடுமையாக எடை தூக்குபவர்களுக்குக் கூடுதலாக வேண்டும், சரி, ஆனால் பருப்பு, முட்டை, தயிர், மீனில் வருவதைக் கழித்துவிட்டுத்தான் ஸ்கூப்பை எண்ண வேண்டும். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் பவுடரைத் தொடவே வேண்டாம், ஏனென்றால் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருப்பது ஆரம்பத்தில் தெரியாது.

டாக்டர் "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறோம், இதையெல்லாம் மருந்தாக நாம் நினைப்பதே இல்லை. ஆனால் அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தப்பாகக் காட்டக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு மல்டிவைட்டமினிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கர்ப்பிணிகளுக்கு ரெட்டினால் வடிவிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் குழந்தையைப் பாதிக்கும். டப்பாக்களின் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அப்படியே காட்டுங்கள்.