நல்ல நாளில்தான் ஆபத்து: நாள்பட்ட சோர்வு நோயில் தவிர்க்க வேண்டியவை

கோவிட்டுக்கும் டெங்குவுக்கும் பிறகு அசதி விடாமல் முடங்கிப்போனவர்கள் ராமநாதபுரம் கடற்கரையின் மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கமிருந்து என்னிடம் விசாரிக்க வருகிறார்கள். பல வருஷமாக நாள்பட்ட சோர்வு நோயோடு இருப்பவள் நான். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தவிர்க்க வேண்டிய மற்றதைச் சொல்கிறேன்.

நல்ல நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது

எல்லாரும் விழுகிற இடம் இதுதான். கடல்பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், நோய் வந்து படுத்தே கிடந்தார். ஒருநாள் காலை உடம்பு லேசாக இருந்திருக்கிறது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீர் பிடித்தார், துணி துவைத்தார், கருவாடு காயப்போட்டார். அன்று ராத்திரி வரைக்கும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் தலை தூக்க முடியவில்லை. தொண்டை வலி, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது, சீப்பைப் பிடித்துத் தலை வாரக் கைக்குத் தெம்பில்லை. வீட்டில் கண்ணேறு என்று கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். அவரோ முந்தின நாள் சாப்பிட்ட மீனைச் சந்தேகப்பட்டார். தண்ணீர் வண்டி யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

உழைத்த உடனே வராமல், பெரும்பாலும் 12 மணி நேரம் முதல் 48 மணி நேரம் கழித்து வந்து, நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் கிடத்திவிடும் இந்தச் சரிவுதான் நோயின் அடையாளம். அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 2015 அறிக்கையில் இதைக் கட்டாய அறிகுறியாகவே வைத்தது.

இதையெல்லாம் மீறி, "தினமும் ஐந்து நிமிஷம் கூட்டி நடங்க, சரியாயிடும்" என்று இன்னமும் சில மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. இந்த யோசனைக்குப் பெரிய பலமாக இருந்தது பிரிட்டனில் 641 பேரை வைத்து நடத்தி, 2011-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட 'பேஸ்' ஆய்வு. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் கைகொடுக்கும் என்றது அது. 'குணமடைந்தார்' என்பதற்கு முதலில் எழுதி வைத்த அளவுகோலைப் பிறகு தளர்த்தியிருந்தார்கள். நோயாளிகள் விடாமல் போராடி, 2016-இல் தீர்ப்பாய உத்தரவின் பேரில் தரவுகளை வாங்கினார்கள். பழைய அளவுகோலை வைத்துப் பார்த்தபோது குணமடைந்த கணக்கு நிற்கவில்லை. ஆய்வாளர்கள் இன்றும் தங்கள் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சிகிச்சை வழிகாட்டுதல்களை எழுதும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2021-இல் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி வேண்டாம் என்று எழுதிவிட்டது. மனநல ஆலோசனை துணைக்கு இருக்கலாம், நோயை அது தீர்க்காது என்றும் சொன்னது.

அப்போ என்ன செய்வது? தெம்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். நான்கு குடம் தூக்க முடிகிற நாளில் இரண்டோடு விடுங்கள். மீனை உட்கார்ந்து அரியுங்கள். அசந்த பிறகு படுக்காமல், அசதி வருமுன்னே படுங்கள். சரிவு வந்தால் அன்றைய தினத்தை விட்டுவிட்டு, முந்தின இரண்டு நாளில் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள்.

எல்லா அசதிக்கும் இந்தப் பெயரை வைப்பது

ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, காசநோய் எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். இந்த நோயை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

வெயிலில் நின்றபடி வேலை

நின்றால் தலை சுற்றி நெஞ்சு படபடக்கிறதா? உட்காருங்கள். உப்பும் தண்ணீரும் கூட்டினால் சிலருக்குக் கைகொடுக்கும். ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டாதீர்கள்.

காசைக் கொட்டிச் செய்யும் வைத்தியம்

வேண்டாம். ரிட்டுக்ஸிமாப் மருந்து ஆரம்பத்தில் பெரிய நம்பிக்கை தந்தது. 2019-இல் வெளியான நார்வே ஆய்வில் அதுவும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த வெற்று மருந்தைவிட மேலாக இல்லை. நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. தூக்கத்துக்கும் வலிக்கும் மருந்து உண்டு, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

"மனசுதான் காரணம்" என்பவர்களோடு மல்லுக்கு நிற்பது

உலக சுகாதார நிறுவனம் 1969-லிருந்தே இதை நரம்பு மண்டல நோய்களோடு வைத்திருக்கிறது. ஒரு தடவை சொல்லிவிட்டு விடுங்கள். வாதாடினாலும் சரிவு வரும். அந்தத் தெம்பை உதவி கேட்கச் செலவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற ஆண்கள் அப்போது கரையில்தான் இருப்பார்கள். தண்ணீர் வண்டியை அவர்கள் கையில் கொடுங்கள், தடை முடிந்த பிறகு யார் தள்ளுவது என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.